அடியில் பொடி எழுத்தில்

ஒச்சம்மாளின் பெயர் எழுத்தில் வந்தது அவள் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான். பட்டா அவள் புருஷனின் அண்ணன் பெயரில் இருந்தது. வரி ரசீதும் அவர் பெயரில்தான் வந்தது. முதல் எலெக்‌ஷனுக்குப் பெயர் எழுத வந்த குமாஸ்தாகூட, "கண்ணுசாமி பொஞ்சாதின்னு போட்டாப் போதும்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். இப்படி யார் கண்ணிலும் படாமல் இருந்தவளுக்கு ஒரு பெரிய புஸ்தகத்தில் இடம் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

குஜிலியம்பாறைக்கு வடக்கே, கரட்டை ஒட்டிக் கிடந்த ஒரு சின்ன ஊரில் அவள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வானம் பார்த்த பூமி. சோளமும் துவரையும் மழை பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை. ஆனால் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு இருந்தது. அதை நம்பிக் கொஞ்சம் கத்திரியும் வெங்காயமும் போட்டுத் திண்டுக்கல் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலை ஒரு நாள் அண்ணன் நாச்சிமுத்துவுக்கு ஓடும், மறுநாள் தம்பி கண்ணுசாமிக்கு ஓடும். கமலை மாடுகள் அண்ணனுடையவை. நிலத்தைப் பிரித்து எழுதிக்கொள்ளவில்லை. "நமக்குள்ள என்ன எழுத்து" என்பது அந்தக் குடும்பத்தின் பெருமை. எழுத்தே இல்லாமல் நன்றாகத்தான் நடந்தது.

ஒச்சம்மாளுக்கு ஒப்பாரி வரும். கூலிக்கு மாரடிக்கிறவள் இல்லை அவள். அப்படிச் சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவாள். அக்கம்பக்கத்து ஊர்களில் சாவு விழுந்தால் மேளத்துக்குச் சொல்லி அனுப்பும்போதே அவளுக்கும் சொல்லி அனுப்புவார்கள். அவள் போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவளின் தோளில் கையைப் போட்டு முதல் இழுப்பு இழுத்தால், அதுவரை ஊர்ப் பொரணி பேசிக்கொண்டிருந்த பெண்கள்கூட மூக்கைச் சிந்துவார்கள்.

ஒப்பாரிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனாலும் மீறினவர் இல்லை. இழவு வீட்டில் ஒரு பெண் எதை வேண்டுமானாலும் பாடலாம். செத்தவளைப் பட்டினி போட்ட மருமகள், பங்கைச் சுருட்டிய பங்காளி, எட்டிப் பார்க்காத மகன் என்று எல்லாருடைய கதையும் ராகத்தோடு வெளியே வரும். பாட்டில் அடிபடுகிறவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டே ஆகவேண்டும். எழுந்து போகக் கூடாது, பதில் பேசக் கூடாது. பிணம் போய், தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டால் பாட்டும் தண்ணீரோடு போயிற்று. மறுநாள் கிணற்றடியில் அந்தப் பேச்சை எடுத்தவள் மனுஷியே இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஊர் தன் வாயைத் தானே மூடிக்கொள்ளும்.

அந்தச் சட்டத்தை நம்பித்தான் ஒச்சம்மாள் தன் புருஷனுக்கும் பாடினாள்.

கண்ணுசாமிக்கு ஒரு நாள் சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சாதாரண வலி இல்லை, ஆள் சுருண்டுவிட்டான். வாசலில் நாச்சிமுத்துவின் வண்டி கத்திரிக்காய் மூட்டை ஏற்றித் திண்டுக்கல்லுக்குப் பூட்டத் தயாராக நின்றது. "மாமா, இவுகளையும் ஏத்திக்கிட்டுப் போயி ஆசுபத்திரியில சேர்த்துருங்க" என்று ஒச்சம்மாள் கேட்டாள். நாச்சிமுத்து தம்பியின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். சூட்டு வலிதான் என்றார். மூட்டையை இறக்கினால் சந்தை தவறிவிடும், காய் வாடிவிடும், ஓமத்தண்ணீர் கொடு, நாளைக்கு வண்டி திரும்பினதும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. விவசாயிக்குக் காய்தான் கண்ணுக்குத் தெரியும். வண்டி திரும்பி வந்தபோது தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு ஒச்சம்மாள் பாடியதை அந்த ஊர் மறக்கவில்லை. மறக்காவிட்டாலும் பேசவில்லை.

சந்தைக்குப் போற வண்டி
சாயந்தரம் நின்னுச்சே
சாகக் கெடந்த ராசா – ஒன்னச்
சுமக்க எடம் இல்லையின்னு

கத்திரிக்கா மூட்டைக்குக்
காத்து வாங்க எடமிருக்கு
கூடப் பொறந்த பொறப்புக்குக்
கோணி அளவு எடமில்லையே

நாச்சிமுத்து தலைமாட்டில் நின்று முழுதும் கேட்டார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். கருமாதி முடிந்த அன்று ஒச்சம்மாளிடம் வந்து, "ஏத்தா, தண்ணி மொறை எப்பவும் போலத்தான். மாட்டைப் பத்தி நீ கவலைப்பட வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி நடந்துகொண்டார். அவளுக்கு மகன் இல்லை, ராமுத்தாய் என்று ஒரே மகள். தன் முறைக்குக் கமலை ஓடும்வரை அவளுக்கும் அவள் மகளுக்கும் அந்த ஊரில் ஒரு இடம் இருந்தது. அது போனால் எதுவும் இல்லை. இது அவளுக்கும் தெரியும், நாச்சிமுத்துவுக்கும் தெரியும்.

இப்படிச் சில வருஷங்கள் போயின. பிறகு நூர் முகமது வந்து சேர்ந்தார்.

நூர் முகமதுவுக்குத் திண்டுக்கல் பேகம்பூர். அவருடைய அத்தா கிராமம் கிராமமாகப் போய் ஆட்டுத்தோல் வாங்கித் தோல் பதனிடும் ஷாப்புக்குப் போடுகிறவர், இந்த ஊருக்கும் வந்து போகிறவர். மகன் தோல் பக்கம் திரும்பாமல் தமிழ் படித்துப் பள்ளிக்கூட வாத்தியாராகிவிட்டார். அதோடு நில்லாமல் டாக்டர் பட்டத்துக்கு ஒப்பாரிப் பாட்டை ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்திருந்தார். நல்ல மனிதர். கிராமத்துப் பெண்களை 'அம்மா' என்று கூப்பிடுவார், பெஞ்சு போட்டால்கூட உட்கார யோசிப்பார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லுகிறவனுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

ஒச்சம்மாள் முதலில் பாட மறுத்துவிட்டாள். "சாவு இல்லாத வீட்டுல ஒப்பாரி பாடுனா, சாவு வந்து சேரும் தம்பி" என்றாள். அவர் விடவில்லை. கடைசியில் ஊருக்கு வெளியே சுடுகாட்டுப் பாதையில் ஒரு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். சும்மா பாட வரவில்லை. யாரையாவது நினைத்தால்தான் அழுகை வரும், அழுகை வந்தால்தான் பாட்டு வரும். அவள் கண்ணுசாமியை நினைத்தாள். வேகமாக வந்த வரியை அவரால் எழுத முடியவில்லை. "அந்த ரெண்டாவது வரி என்னம்மா?" என்று கேட்டால் அவளுக்கு அதைத் தனியே சொல்லத் தெரியாது, மறுபடி முதலிலிருந்து அழ வேண்டும். இப்படித் தன் புருஷனை ஒரு பகல் முழுக்கத் திரும்பத் திரும்பச் சாகடித்து அழுதாள். முடிந்ததும் கிணற்றில் தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் போனாள்.

அவர் அந்தப் பாட்டை, 'கிராமத்துப் பெண் ஒருத்தி பாடியது' என்று போட்டுப் பட்டணத்துப் பேராசிரியருக்கு அனுப்பினார். அவர்தான் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. பேராசிரியர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். யார் பாடியது, எந்த ஊர், யாருடைய சாவில், பாட்டில் வரும் வண்டி யாருடையது, இதையெல்லாம் யார் சொல்லி உமக்குத் தெரியும்? இவை இல்லாவிட்டால் இது நீரே வீட்டில் உட்கார்ந்து கட்டியதாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார். சரியான கேள்விகள்தான், யாரும் குற்றம் சொல்ல முடியாது. நூர் முகமது வெட்கப்பட்டுப் போய் மறுபடி பஸ் ஏறினார்.

"உங்க பேரைப் போடணும்மா. பேரில்லாமப் போட்டா உங்க பாட்டை நான் திருடுன மாதிரி ஆயிடும்" என்றார்.

"எம் பேரா? அச்சுலயா?"

"ஆமாம்மா. நாளைக்கு யாராவது இது பொய்னு சொன்னா, நேரா உங்ககிட்டயே வந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிடலாம்ல. அதுக்குத்தான்."

ஒச்சம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? புருஷன் பெயருக்குப் பின்னாலேயே நின்று பழகினவளுக்குத் தன் பெயர் தனியாக நிற்கப் போகிறது என்றால் ஆசை வராதா? பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், வயசைக் குத்துமதிப்பாகச் சொன்னாள்.

"அந்த வண்டி யாரோடது?"

அவள் கமலை ஓடும் திசையைப் பார்த்தாள். அன்றைக்கு அவளுடைய முறை. ராமுத்தாய் வெங்காயத்துக்கு மடை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அது எழவு வீட்டுல சொன்னது தம்பி. அதையெல்லாம் எழுதக் கூடாது."

"பாட்டுக்குப் பக்கத்துல போட மாட்டேம்மா. பக்கத்தோட அடியில, ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழ பொடி எழுத்துல வரும். ஆராய்ச்சி பண்றவங்க மட்டுந்தான் அதைப் பாப்பாங்க. மத்தவங்க யாரும் பாக்க மாட்டாங்க."

"அம்புட்டுப் பொடியாவா?"

"எறும்பு மாதிரி இருக்கும்."

ஒச்சம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பேச்சைப் பற்றி எல்லாம் தெரியும். உரக்கச் சொல்வது ஊருக்கு, மெல்லச் சொல்வது காதுக்கு. பெரிய எழுத்து என்றால் சத்தம், பொடி எழுத்து என்றால் குசுகுசுப்பு என்று அவள் எடுத்துக்கொண்டாள். கோட்டுக்குக் கீழே, அடியில், எறும்பு மாதிரிச் சொன்னால் யார் காதில் விழப்போகிறது? இந்த நினைப்பில்தான், "அவுக அண்ணன் நாச்சிமுத்தோட வண்டி" என்றாள்.

"அவர் மறுத்துட்டாரா?"

அவர் மறுத்தார் என்று சொல்ல முடியாது. நாளைக்குப் போகலாம் என்றார், அவ்வளவுதான். ஆனால் அதையெல்லாம் எப்படி விளக்குவது? "ஏத்தலை" என்றாள். நூர் முகமது எழுதிக்கொண்டார்.

நுணலும் தன் வாயால் கெடும்.

பட்டம் கிடைத்தது. புஸ்தகமும் வந்தது, கனமான அட்டையோடு. நூர் முகமது நன்றி மறக்காதவர். எந்த ஊர்களில் பாட்டுச் சேகரித்தாரோ அந்த ஊர்களுக்கெல்லாம் ஒரு பிரதி அனுப்பி வைத்தார். இந்த ஊரில் அப்போது கட்சிக்காரர்கள் கூரை போட்டு ஒரு படிப்பகம் நடத்தினார்கள். பிரதி அங்கே வந்து இறங்கியது.

படிப்பகம் என்றால் ஆளாளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து மனதுக்குள் படிப்பது என்று நினைத்துவிடக் கூடாது. எழுத்துத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். கருப்புசாமி என்பவன் எட்டாவது வரை படித்தவன், அவன்தான் வாசிப்பான், மற்றவர்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்பார்கள். வெண்கலத் தொண்டை. அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. பேப்பரில் தலைப்பிலிருந்து அச்சகத்து விலாசம் வரை ஒரு எழுத்து விடமாட்டான். பாதியில் விடுவது படித்தவனுக்கு அழகில்லை என்பது அவன் கொள்கை.

"ஏப்பா, நம்ம ஊர் பேரு புஸ்தகத்துல வந்துருக்கு" என்று ஆள் ஆளைக் கூப்பிட்டுக் கூட்டம் சேர்ந்துவிட்டது. நாச்சிமுத்துவும் வந்து முன்னால் உட்கார்ந்தார். ஊருக்குப் பெருமை என்றால் பெரியாட்கள் வராமல் இருப்பார்களா?

கருப்புசாமி பாட்டை வாசித்தான். கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் அது எந்த வீட்டு ஒப்பாரி என்று தெரிந்துவிட்டது. அந்த இடத்திலாவது அவன் நிறுத்தியிருக்கலாம். பக்கத்தின் அடியில் ஒரு கோடு இருந்தது. கோட்டைத் தாண்டினான்.

"பாடியவர் ஒச்சம்மாள். கணவர் கண்ணுசாமி நோயுற்றபோது, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லத் தம் வண்டியைத் தர மறுத்த மூத்த சகோதரர் நாச்சிமுத்து என்பவரைக் குறித்துப் பாடப்பட்டது. பாடியவரே நேரில் தெரிவித்தது."

எறும்பு மாதிரி இருந்த எழுத்துத்தான். ஆனால் வாசிக்கிறவனுக்குப் பெரிய எழுத்தும் பொடி எழுத்தும் ஒரே தொண்டைதான். வாசித்து முடித்த பிறகே கருப்புசாமிக்குத் தான் என்ன வாசித்தோம் என்று உறைத்தது. புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு இருமினான். நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். இழவு வீட்டில் எழுந்து போகக் கூடாது. இது இழவு வீடு இல்லையே.

நேரே ஒச்சம்மாள் வீட்டு வாசலுக்கு வந்தார். அவள் உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஏத்தா, எழவு வீட்டுல நீ என்னைய நூறு சொன்ன. தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டேன். என் தம்பிய நான் சாகவிட்டவன்தான், இல்லைங்கல. அன்னைக்கிருந்து ஒரு ராத்திரி ஒழுங்காத் தூங்குனதில்ல. ஆனா அது தண்ணியோட போயிருச்சு. நீ அதைத் தோண்டி எடுத்து அச்சுல ஏத்திப்புட்ட. நாளைக்கு என் பேரன் பள்ளிக்கூடத்துல படிப்பான்ல?"

"மாமா, அடியில பொடி எழுத்துலதான் போடுவேன்னு சொன்னாரு அந்தத் தம்பி."

நாச்சிமுத்து அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "கமலை இனி உனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஊர் அவர் பக்கம் நின்றது. அதில் அநியாயம் என்று ஒன்றும் சொல்ல முடியவில்லை, அதுதான் ஒச்சம்மாளை வதைத்தது. சட்டத்தை மீறினவள் அவள்தான். பெண்கள் அவளைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். எந்த வீட்டுச் சங்கதியை எந்த வாத்தியாரிடம் போய்ச் சொல்லி அச்சிலேற்றுவாளோ என்ற பயம். வெங்காயம் காய் பிடிக்கும் பருவம். தண்ணீரில்லாமல் தாள் மஞ்சளாகி மடங்கிற்று. ராமுத்தாய் குடத்தில் சுமந்து ஊற்றிப் பார்த்தாள். குடத்துத் தண்ணீரில் வயல் பிழைக்குமா?

ஒச்சம்மாள் பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்குப் போய், பேகம்பூரில் விசாரித்து நூர் முகமது வீட்டைக் கண்டுபிடித்தாள். அவர் கேட்டுவிட்டுப் பதறிப்போனார். பதறியது நிஜம். அவர் பீவி ஆரிபா டீ கொடுத்தாள், அதைக் குடிக்கக்கூட ஒச்சம்மாளுக்குத் தோன்றவில்லை.

"அந்த அடியில இருக்குறதை மட்டும் அழிச்சிரலாமா தம்பி?"

"அச்சானதை எப்படிம்மா அழிக்கிறது? நானே வந்து அவர்கிட்டப் பேசுறேன்."

வந்தார். கிணற்று மேட்டில் வைத்துப் பேச்சு நடந்தது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் நின்றார்கள், கொஞ்சம் தள்ளி ஒச்சம்மாளும் மகளும் நின்றார்கள். நாச்சிமுத்து தோல்காரப் பாயின் மகன் என்று மரியாதையாகத்தான் பேசினார். அவருக்கும் கோபம் இறங்கிவிட்டிருந்தது. தம்பி பொண்டாட்டியின் வெங்காயம் காய்வதைத் தினமும் பார்த்துக்கொண்டு எவ்வளவு நாள்தான் முறைப்பாக இருப்பது? இறங்கி வர ஒரு படி வேண்டும், அவ்வளவுதான். அந்தப் படியை அவரே போட்டுக் கொடுத்தார்.

"வாத்தியாரே, சுத்தி வளைக்க வேணாம். இந்தப் பொம்பள அப்படிச் சொல்லலை, நானாத்தான் சேத்து எழுதிக்கிட்டேன்னு இந்த நாலு பேரு முன்னால ஒரு வார்த்தை சொல்லிருங்க. நாளைக்கு விடியவும் கமலைய விட்டுடறேன்."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். அது பொய் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். சொல்லச் சொன்னவருக்கே தெரியும். அப்படி ஒரு பொய்யை ஊர் கூடி வாங்கிக்கொள்ளும், வாங்கிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். பஞ்சாயத்து என்பதே பாதி அதுதானே.

நூர் முகமதுவுக்கு முகம் வேர்த்தது. நானே எழுதிக்கொண்டேன் என்றால் என்ன அர்த்தம்? ஆரம்பத்தில் பேராசிரியர் எதைச் சந்தேகப்பட்டாரோ அது உண்மை என்று அர்த்தம். கருப்புசாமி நிற்கிறான், நாளைக்குப் பேராசிரியருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டால் பட்டம் போச்சு, மானம் போச்சு.

"சொல்லிருங்க தம்பி" என்றாள் ஒச்சம்மாள். "நான் சொல்லலைன்னு சொல்லிருங்க. எம் பேரு வேணாம். நீங்களே பாடுனதா வச்சுக்கங்க."

அவர் அவளைப் பார்க்காமல் நாச்சிமுத்துவைப் பார்த்துச் சொன்னார். "அது முடியாதுங்க. அவங்க சொன்னதைத்தான் எழுதினேன். ஒரு எழுத்துக் கூடுதலா இல்லை. நான் பொய் சொல்ல முடியாது."

"அப்ப எதுக்கு வந்தீக?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

நூர் முகமது பொய் சொல்லாத மனிதராகவே பஸ் ஏறிப் போனார். அடுத்த பதிப்பில் பெயரை எடுத்துவிடுகிறேன் என்று போகும்போது ஒச்சம்மாளிடம் சொன்னார். அந்த மாதிரிப் புஸ்தகங்களுக்கு அடுத்த பதிப்பு வருவதில்லை.

வெங்காயம் போயிற்று. அடுத்த வருஷம் கத்திரியும் இல்லை. கோர்ட்டுக்குப் போ என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு வக்கீலிடம் போனாள். உரிமை உண்டு என்றார் வக்கீல். உங்கள் பங்கை நீங்கள் தனியே உழுதுகொண்டிருந்தீர்கள் என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா, ஊரில் யாராவது சாட்சி சொல்வார்களா என்று கேட்டார். சாட்சிக்கு ஆள் இல்லை. எழுத்து என்று அவளிடம் இருந்தது, நூர் முகமதுவிடம் வாங்கி வந்திருந்த புஸ்தகத்தின் அந்தப் பக்கம் ஒன்றுதான். வக்கீல் அதை வாங்கி வாசித்துவிட்டு, "இதை யாருக்கும் காட்டாதீங்க, அந்த நாச்சிமுத்து உங்க மேல மானநஷ்டக் கேஸ் போட்டுருவார்" என்று திருப்பிக் கொடுத்தார்.

ராமுத்தாயை ஒச்சம்மாளின் அண்ணன் மகனுக்குக் கட்டுவதாகப் பேச்சு இருந்தது. நிலம் போன பிறகு அண்ணன் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் கீரனூர்ப் பக்கம், பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒருவனுக்கு அவளை ரெண்டாந்தாரமாகக் கொடுத்தாள். தரிசாகக் கிடந்த தம்பி பங்கை நாச்சிமுத்து சேர்த்து உழுதுகொண்டார். ஒச்சம்மாள் திண்டுக்கல்லுக்கு வந்து வெங்காயப் பேட்டையில் அழுகல் பொறுக்கும் வேலையில் சேர்ந்தாள். சொந்த வெங்காயம் காய்ந்ததைப் பார்த்த கண்ணுக்கு ஊரார் வெங்காயம் ஒன்றும் கரிக்கவில்லை.

நாச்சிமுத்து செத்தபோது ஊருக்குப் போனாள். போகாமல் இருக்க முடியுமா, மூத்த மாமா அல்லவா? அதோடு அவளுக்குள் ஒரு பாட்டு வந்திருந்தது. தம்பியை ஏற்றாத குற்றத்துக்கு அந்த மனிதர் தூக்கமில்லாமல் கிடந்தாரே, அதைப் பாட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டாள். அவளைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. போய் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவளின் தோளில் கை போட்டாள். தோள் விலகிக்கொண்டது. நாச்சிமுத்துவின் பெண்டாட்டி சிவனம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு, "ஒச்சு, வந்தது சந்தோசம். ஒக்காரு. பாட மட்டும் வேணாம்" என்றாள். பிணம் எடுக்கும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் ஏனோதானோவென்று எதையோ பாடினார்கள்.

அதற்கு ரெண்டு வருஷம் கழித்து, பட்டணத்திலிருந்து ஆனந்தமேரி என்று ஒரு பெண் வெங்காயப் பேட்டைக்கு வந்தாள். தோளில் தோல் உறை போட்ட டேப் ரிக்கார்டர், கையில் நூர் முகமதுவின் புஸ்தகம். அவளும் ஒப்பாரியைத்தான் ஆராய்ச்சி செய்தாள். புஸ்தகத்தில் இருப்பது சரிதானா என்று பாடியவரிடமே கேட்டுச் சரிபார்க்க வந்திருந்தாள். ஊருக்குப் போய்க் கேட்டு, அங்கிருந்து இங்கே அனுப்பியிருக்கிறார்கள். நாளைக்கு யாராவது நேரில் வந்து கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று அன்றைக்கு நூர் முகமது சொன்னது வீண்போகவில்லை.

அழுகல் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தியிடம் ஆனந்தமேரி குனிந்து கேட்டாள். "அம்மா, இங்க ஒச்சம்மாள்னு ஒருத்தங்க வேலை செய்றாங்களாமே. ஒப்பாரி பாடுவாங்களாம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். புஸ்தகத்தின் அட்டையை அடையாளம் தெரிந்தது.

"செத்துப் போனா."

"ஐயோ, எப்ப?"

"அது ஆச்சு கொஞ்ச வருசம்."

"அவங்களுக்கு யாராவது ஒப்பாரி பாடுனாங்களாம்மா?"

"யாரும் பாடல."

ஆனந்தமேரி எழுதிக்கொண்டாள். பிறகு தாளிலிருந்து பேனாவை எடுக்காமலே, "உங்க பேரு என்னம்மா? யார் சொன்னாங்கன்னு போடணும்" என்றாள்.

அவள் ஒரு வெங்காயத்தை எடுத்து அமுக்கிப் பார்த்து அழுகல் பக்கம் போட்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஆனந்தமேரி போய்விட்டாள்.

அவளும் முறையாகப் படித்த பெண். அவளுடைய கட்டுரை வெளிவந்தபோது, பக்கத்தின் அடியில், கோட்டுக்குக் கீழே, பொடி எழுத்தில் இப்படி இருந்தது: 'ஒச்சம்மாள் காலமாகிவிட்டார். இத்தகவலைத் தந்தவர் திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் வேலை செய்யும் ஒரு பெண். பெயர் சொல்ல மறுத்துவிட்டார்.'